நீரின் நேரம்

(கொல்கத்தாத் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1932 மே மாதம் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஆஸ்கர் ஸ்பெக் என்பவர் டான்யூப் ஆற்றில் ஒரு மடிப்புக் கயாக்கை இறக்கினார். அவர் மின்வேலைக் குத்தகைத் தொழில் செய்துவந்தவர். உலகப் பொருளாதாரச் சரிவில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. சைப்ரஸ் தீவின் செப்புச் சுரங்கங்களில் வேலை கிடைக்கலாம் என்று எண்ணித்தான் அவர் புறப்பட்டார். ஆனால் சைப்ரஸோடு அவர் நிற்கவில்லை. யூப்ரடீஸ் ஆற்றில் இறங்கிப் பாரசீக வளைகுடாவுக்கு வந்தார். நம் மேற்குக் கரையை ஒட்டியே துடுப்புப் போட்டு 1935இல் இலங்கையை அடைந்தார். அங்கிருந்து சோழமண்டலக் கரையோரமாகச் சென்னை வந்து, சென்னையிலிருந்து நாம் கூடியிருக்கும் இந்த நகரத்துக்கும் வந்தார். பிறகு பர்மா, மலேயா, இந்தோனேசியத் தீவுகள் என்று போய், 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆளுகையிலிருந்த சைபாய் தீவில் கரையேறினார். அதற்குள் உலகப் போர் மூண்டிருந்தது. பகை நாட்டவர் என்று கைது செய்து முகாமில் அடைத்துவிட்டார்கள். ஏழு ஆண்டுகளில் சுமார் 50,000 கிலோமீட்டரை ஒரு மனிதர் துடுப்பால் கடந்திருக்கிறார். அவருடைய பொருள்கள் இன்று சிட்னியில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்த நகரத்துக்கும் சொந்தமாக ஒரு கதை உண்டு. 1969 பிப்ரவரியில் ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக், பினாகி சாட்டர்ஜி என்ற இருவர் இங்கிருந்து அந்தமானுக்குத் துடுப்புப் படகில் புறப்பட்டார்கள். மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் பெயரைப் படகுக்கு வைத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் வங்காள விரிகுடாவைக் கடந்து அந்தமானை அடைந்தார்கள். பழைய கொல்கத்தாக்காரர்கள் அந்தப் பெயர்களை இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

இரண்டு பயணங்களும் என் மரியாதைக்குரியவை. ஆனால் ஸ்பெக் தனி ஆள். அந்தமானுக்குப் போனவர்கள் பயிற்சி பெற்ற இருவர். இன்று நான் பேச வந்தது குடும்பத்தைப் பற்றி. கணவன், மனைவி, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், சில நேரம் பாட்டனார், இவர்கள் எல்லோரும் சேர்ந்து, இயந்திரம் இல்லாத படகில், ஆளரவமற்ற கடற்காட்டுக்குள் போகலாமா என்பதுதான் கேள்வி. இங்கே முன்வரிசையில் இருக்கும் இளம் பெற்றோர் சிலர்தான் இதை என்னிடம் கேட்டார்கள். "ஐயா, கயாக் இப்போது கடையிலேயே கிடைக்கிறது. காற்றடித்து ஊதிக்கொள்ளும் வகைகூட வந்துவிட்டது. காரின் பின்னால் போட்டுக்கொண்டு சுந்தரவனத்துக்குப் போனால் என்ன? மூன்று மணி நேரப் பயணம்தானே?" என்றார்கள். வழியில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் அதற்கு இல்லை. அதனால்தான் இந்த மேடை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கையில் துடுப்பைக் கட்டாயம் கொடுங்கள். ஆனால் சுந்தரவனத்தின் புலிக்காட்டுக்குள் அந்தத் துடுப்பைக் கொண்டுபோகாதீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். கடற்காட்டில் நேரத்தை நிர்ணயிப்பது நாமல்ல, தண்ணீர். அதன் நேரத்துக்கு நடக்கத் தெரிந்தவர்தான் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

அந்த நேரத்தைக் காண நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஒரு நாள் ஹூக்ளி ஆற்றின் பாபுகாட் படித்துறைக்குப் போய் நில்லுங்கள். கடல் இங்கிருந்து எவ்வளவு தொலைவு! ஆனாலும் அதன் ஏற்றம் இந்தப் படிகள்வரை வருகிறது. சில நாட்களில் அது மெல்ல வருவதில்லை, சுவராக எழுந்து வருகிறது. வங்காளிகள் அதை 'பான்' என்கிறார்கள். பான் வரும் நேரத்தில் படகோட்டிகள் கரையில் கட்டிய படகுகளை அவிழ்த்து நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். கரையில் விட்டால் படகு நொறுங்கும், ஆழத்தில் இருந்தால் அலை அடியில் போய்விடும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது தலைகீழான புத்தியாகத் தெரியும். தண்ணீரை அறிந்தவருக்கு இதுதான் பாதுகாப்பு.

ஏற்றத்தை இங்கே ஜோயார் என்கிறார்கள், வற்றத்தை பாட்டா என்கிறார்கள். சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அது பொரா கோட்டால். அஷ்டமியை ஒட்டி இரண்டும் சிறுத்துவிடும். அது மொரா கோட்டால். பஞ்சாங்கம் பார்க்கும் நம் வீடுகளுக்கு இது கடினமான பாடமே அல்ல. திதி தெரிந்தால் தண்ணீரின் குணம் பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை இருக்கிறது. எந்த நாள், எந்த மணிக்கு, எவ்வளவு உயரம் என்று அதில் போட்டிருக்கும்.

மாலுமிகளிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. தண்ணீர் ஏறப்போகும் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். ஏறுவதற்குச் சுமார் ஆறு மணி நேரம். முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியில் மூன்று, ஐந்தாம் மணியில் இரண்டு, ஆறாம் மணியில் ஒன்று. ஏற்றம் 4.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் 40 சென்டிமீட்டர்தான். பரவாயில்லையே என்று நினைப்போம். ஆனால் மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் 2.4 மீட்டர் ஏறிவிடும். ஒரு ஆள் உயரத்தை மிஞ்சிய தண்ணீர் இரண்டே மணியில் வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் முழுவதும் எங்கிருந்தோ ஓடித்தான் வர வேண்டும். அதனால் ஓட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆற்று முகத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஹூக்ளியில் ஏற்றம் குறுகிய நேரத்தில் வேகமாக ஏறும், வற்றம் நெடுநேரம் இழுக்கும். இருந்தாலும் நடு மணிகள்தான் ஆபத்தானவை என்ற பாடம் மாறாது.

இனி இதைச் சுந்தரவனத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு இடத்தையும் நாளையும் பொறுத்து மூன்றிலிருந்து ஐந்து மீட்டர்வரை போகும். பிள்ளைகளோடு கயாக் ஓட்டும் ஒரு குடும்பம், நிலைத்த நீரில், மணிக்கு நான்கு ஐந்து கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். பொரா கோட்டாலில் மாத்லா போன்ற ஆறுகளின் ஓட்டம் அதற்குச் சமமாகவும் இருக்கும், அதை மிஞ்சியும் ஓடும். எதிர்த்தால் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். பிள்ளைகளுக்குக் கை ஓய்ந்தால் பின்னால் போவீர்கள்.

சரி, பெரிய ஆறு வேண்டாம், சின்னக் கழிக்குள் போகிறோம் என்பீர்கள். அங்கே பாட்டா உங்களைப் பிடிக்கும். ஏற்றத்தில் அகலமாகத் தெரிந்த கழி, வற்றத்தில் நடுவே ஒரு வாய்க்காலாகச் சுருங்கிவிடும். படகு சேற்றில் அமர்ந்துவிடும். இறங்கித் தள்ளலாம் என்றால் சேறு தொடைவரை இழுக்கும். அந்தச் சேற்றுக்குள்ளிருந்து அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் ஈட்டி முனைபோல நிமிர்ந்து நிற்கும். வங்காளத்தில் அவற்றை 'ஷுலோ' என்பார்கள். வெறுங்காலைக் குத்திக் கிழித்துவிடும். அடுத்த ஜோயார்வரை, மணிக்கணக்கில், பிள்ளைகளோடு கரையை ஒட்டிச் சேற்றில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரை புலியின் கரை. சுந்தரவனத்துப் புலி ஆறுகளை நீந்திக் கடக்கும். கரையோரம் நிற்கும் டிங்கிப் படகிலிருந்து ஆளைத் தூக்கியிருக்கிறது. தண்ணீருக்குள் உவர்நீர் முதலை இருக்கிறது. வனத்துறை அங்கே வைத்திருக்கும் விதிகளை இந்தப் பின்னணியில் படியுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது, வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது, கண்காணிப்புக் கோபுரங்கள் தவிர வேறெங்கும் கரையிறங்கக் கூடாது, இருட்டிய பின் படகு ஓடக் கூடாது. இவை நம்மைத் தொல்லைப்படுத்தப் போட்ட விதிகள் அல்ல. மனிதர்கள் செத்துச் செத்துக் கற்றுக்கொடுத்தவை.

அரசாங்கங்களே அந்தத் தண்ணீரை அலட்சியம் செய்து தோற்ற கதை ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. சியால்தாவில் உள்ளூர் ரயில் ஏறினால் கேனிங் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஹூக்ளியில் மணல் தூர்கிறது என்று அஞ்சி, மாத்லா ஆற்றங்கரையில் கல்கத்தாவுக்கு மாற்றாக ஒரு துறைமுகம் கட்ட அரசு முனைந்தது. அப்போது இந்த நகரத்தில் ஹென்றி பிடிங்டன் என்பவர் இருந்தார். கடற்புயல்களை ஆராய்ந்து, 'சைக்ளோன்' என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். புயல் எழுப்பும் கடல்நீர் ஒருநாள் இந்த இடத்தை மூழ்கடித்துவிடும் என்று 1853இல் கவர்னர் ஜெனரலுக்கே எழுதி எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. துறைமுகம் எழுந்தது, ரயில் பாதை போட்டார்கள், கேனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். 1867 நவம்பரில் புயலும் கடல்நீரும் அதைச் சிதைத்தன. சில ஆண்டுகளில் துறைமுகத்தைக் கைவிட்டார்கள். பிடிங்டன் அதற்கு முன்பே, 1858இல், காலமாகிவிட்டார். இன்று கேனிங் மீன் வியாபாரமும் ரயில் நெரிசலும் நிறைந்த ஊர். சுந்தரவனம் போகும் ஒவ்வொரு குடும்பமும் அந்த நிலையத்தில் ஒரு நிமிஷம் நின்று இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இந்த உரையில் எனக்கு மிக முக்கியமான பகுதிக்கு இப்போது வருகிறேன்.

குடும்பமாகத் துடுப்புப் போட்டுக் காட்டுக்குள் போகிறவர்கள் சுந்தரவனத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். கோசாபா, குல்தலி, பாதர்பிரதிமா பகுதிக் கிராமங்களிலிருந்து கணவனும் மனைவியும் ஒரு டிங்கியில் ஏறி நண்டு பிடிக்கப் போகிறார்கள். அரிசி, குடிதண்ணீர், சின்ன அடுப்பு, நண்டுக்கு இரை, கொசுவலை இவையே அவர்களின் சாமான். நாட்கணக்கில் படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்குகிறார்கள். பாட்டாவோடு இறங்கிப் போகிறார்கள், ஜோயாரோடு ஏறி வருகிறார்கள். ஓட்டத்தை எதிர்த்து வீணாக ஒரு துடுப்புகூடப் போடுவதில்லை. இரவில் கரையோரம் கட்டாமல் நடு ஆற்றில் நங்கூரம் போடுகிறார்கள். காட்டில் கால் வைக்குமுன் போன்பீபியை வணங்குகிறார்கள். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து வணங்கும் தெய்வம் அவள். தேவைக்கு மேல் எடுக்காதவனைத்தான் அவள் காப்பாள் என்பது அங்குள்ள நம்பிக்கை. துடுப்புக் கலையில் உலகத்து எந்தப் பயிற்சிப் பள்ளியும் இவர்களுக்கு மேலாகக் கற்றுத்தர முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இத்தனை தெரிந்தவர்களையும் புலி அடிக்கிறது. கணவனைப் புலிக்குக் கொடுத்த பெண்களை அங்கே 'பாக் பிதோபா' என்கிறார்கள், புலி விதவை. உரிமச் சீட்டு இல்லை, வனத்தின் உட்பகுதிக்குள் போனார் என்று காரணம் காட்டி அவர்களில் பலருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டு வந்தது. உட்பகுதியில் இறந்தார் என்பதற்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2023இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. அதுவரை அந்தப் பெண்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் மனம் கொதிக்கிறது. இந்தக் குடும்பங்கள் காட்டுக்குள் போவது பிழைப்புக்காக. 2009இல் அய்லா, 2020இல் ஆம்பன், அடுத்த ஆண்டே யாஸ் என்று புயல்கள் கரைமேடுகளை உடைத்து வயல்களில் உப்பை நிரப்பிவிட்டன. வயல் போனவர் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். அதே ஆற்றில் நாம் விடுமுறை விளையாட்டாகப் பிள்ளைகளை வண்ணப் படகில் உட்காரவைத்துப் போவது எனக்குச் சரியாகப்படவில்லை. ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், முறை என்று ஒன்று இருக்கிறது.

ஆளில்லாத காடு என்று நாம் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் ஆள் இருக்கிறார்கள். கயாக்குக்குச் சத்தம் கிடையாது, ஆழம் தேவையில்லை, எங்கும் நுழைந்துவிடும். அதன் அழகும் அதுதான், அதன் அபாயமும் அதுதான். 2018 நவம்பரில் ஒரு அமெரிக்க இளைஞர் அந்தமானில் வடக்கு சென்டினல் தீவுக்கு, சட்டம் தடுத்திருந்தும், மீனவர் படகில் பக்கத்தில் போய் அங்கிருந்து கயாக்கில் கரையேறினார். அந்தத் தீவில் இருப்பவர்கள், தம்மை யாரும் தொட வேண்டாம் என்று வாழும் மக்கள். அந்த இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அவர் ஒருவரின் நோயணுக்கள் அந்தச் சின்னஞ்சிறு இனத்தையே அழித்திருக்கக்கூடும். துடுப்பு போகிற இடமெல்லாம் நாம் போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது.

கயாக்கை உலகத்துக்குக் கொடுத்த ஆர்க்டிக் மக்களிடம் இந்த விவேகம் இருந்தது. மரச் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திக் கட்டிய கயாக், வேட்டைக்காரர் ஒருவர் ஏறும் படகு. குடும்பம் இடம்பெயரும்போது அதில் போகவில்லை. அதற்கு உமியாக் என்ற பெரிய திறந்த தோல்படகு இருந்தது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், கூடாரம், நாய்கள் எல்லாம் அதில் ஏறும். பல இடங்களில் துடுப்புப் போட்டவர்கள் பெண்களே. வேட்டைக்கு ஒரு படகு, குடும்பத்துக்கு ஒரு படகு என்று அவர்கள் பிரித்து வைத்ததை நாம் மறந்துவிட்டோம்.

இன்று குடும்பமாகக் கடல் கயாக்கில் போவது மேற்கு நாடுகளில் நன்கு வேரூன்றிய பழக்கம். அலாஸ்காவில் கிளேஸியர் பே என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் கயாக்கில் அடைத்துக்கொண்டு நாட்கணக்கில் பனிமலைகளுக்கு இடையே போகிறார்கள். அங்கும் ஓத வேறுபாடு மிகப் பெரிது, கரையில் கரடிகள் உண்டு. பூங்கா அலுவலர்கள் புறப்படுமுன் உட்காரவைத்துப் பாடம் சொல்கிறார்கள். கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும். சமையலும் சாப்பாடும் கூடாரத்துக்கு அருகில் கூடாது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட கரையில்தான் செய்ய வேண்டும். பிறகு வரும் ஏற்றம் மணத்தையும் சிந்திய பருக்கையையும் கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீரின் நேரத்தைப் பகையாக்காமல் பாத்திரம் துலக்கும் துணையாக்கிக்கொண்ட இந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. கவனியுங்கள், அங்கே காடு திறந்திருக்கிறது, ஆனால் பாடம் கேட்காமல் நுழைய முடியாது.

அப்படியானால் நம் பிள்ளைகள் எங்கே துடுப்புப் போடுவது? ஊருக்குப் போகும்போது போடட்டும் என்பேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கு அருகே, காரங்காடு என்று ஒரு மீனவக் கிராமம் இருக்கிறது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரியும் கயாக்கும் நடத்துகிறார்கள். கழி பாக் விரிகுடாவில் போய்ச் சேருகிறது. அந்தக் கடலில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஓட்டம் மென்மையானது, ஆழமும் குறைவு. கயாக்கில் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, கனமான ஆள் பின்னால் உட்கார வேண்டும். வேகத்தைப் பிள்ளை குறிக்கட்டும், திசையைப் பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். இருவர் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தால்தான் படகு நேராகப் போகும். என் பேத்தி அங்கே துடுப்புப் பிடித்தபோது முதல் கொஞ்ச நேரம் படகு வட்டமடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவள் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை பிடிபட்டதும் படகும் நேரானது. மரங்களுக்கு அடியில் போகும்போது அவளே எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். நண்டு சேற்றில் ஓடும் ஒலிகூடக் கேட்டது. இயந்திரப் படகில் போயிருந்தால் அந்தக் காட்டை அவள் பார்த்திருப்பாள், கேட்டிருக்க மாட்டாள். இதற்காகத்தான் துடுப்பு வேண்டும் என்கிறேன்.

பிச்சாவரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் துடுப்புப் படகையே கேளுங்கள், அவசரத்துக்கு மோட்டார் படகில் ஏறாதீர்கள். அந்தமானுக்கு இங்கிருந்து கப்பல் போகிறது, மூன்று நான்கு நாள் பயணம். முன்பு ஹாவ்லாக் என்றிருந்த ஸ்வராஜ் தீவில் அலையாத்திக் கழிகளில் வழிகாட்டிகளோடு கயாக் போகலாம். ஆனால் அந்தமான் கழிகளிலும் உவர்நீர் முதலை உண்டு. உள்ளூர் வழிகாட்டி வேண்டாம் என்று சொன்ன கழியில் நுழையவே கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் நம் வீட்டு வாசலிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரவீந்திர சரோவர் ஏரி நடை தூரம். அங்கே கல்கத்தா ரோயிங் கிளப் போன்ற பழைய சங்கங்கள் இருக்கின்றன. ஏரியில் ஓதம் கிடையாது, உப்பு கிடையாது, புலி கிடையாது. ஆனால் காற்று உண்டு. 2022 மே மாதம் ஒரு மாலையில், கால்பைசாகி என்னும் கோடைப் புயல்காற்று வீசியபோது, அந்த ஏரியில் பயிற்சியில் இருந்த படகு கவிழ்ந்து இரண்டு பள்ளி மாணவர்கள் இறந்துபோனார்கள். நகரத்தின் நடுவில், வீடுகளின் விளக்குகள் தெரியும் தூரத்தில் நடந்தது இது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நினைக்காமல் இந்தப் பேச்சை நான் பேச முடியாது. சித்திரை வைகாசியில் வடமேற்கு வானம் கறுத்தால் சில நிமிஷங்களில் காற்று வந்துவிடும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்தது போதாது. வானம் கறுக்கத் தொடங்கும்போதே படகைக் கரைக்குத் திருப்பும் பழக்கம் வேண்டும். மிதவை உடுப்பு உடம்பில் இருக்க வேண்டும். படகின் மூலையில் மடித்து வைத்த மிதவை உடுப்பால் எவரும் பிழைத்ததில்லை.

ஆகவே பெற்றோர்களே, எந்தச் சங்கத்திலும், எந்தக் கடற்கரையிலும், கட்டணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். மீட்புப் படகு எங்கே நிற்கிறது? இன்று காற்றைப் பார்த்து முடிவெடுப்பவர் யார்? என் பிள்ளையின் அளவுக்கு மிதவை உடுப்பு இருக்கிறதா? கூச்சப்படாமல் கேளுங்கள். முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவதை, ஆழமில்லாத, வெதுவெதுப்பான தண்ணீரில், சிரித்துக்கொண்டே பலமுறை பழக்குங்கள். வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகிய பிள்ளை நிஜமாகக் கவிழும்போது பதறாது.

சுந்தரவனத்துக்கும் போங்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கார்த்திகையிலிருந்து மாசிவரை காலநிலை நன்றாக இருக்கும். கேனிங், கோத்காலி வழியாகக் கோசாபா போய், அங்கிருந்து பதிவுபெற்ற லாஞ்சில், சஜ்னேகாலியில் அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். இந்தியப் பக்கத்து நூற்றிரண்டு தீவுகளில் ஐம்பத்து நான்கில் மக்கள் வாழ்கிறார்கள், மீதி காடு. அந்தக் காட்டின் தேசியப் பூங்கா 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள் புலியைப் பார்த்தோமா இல்லையா என்பதை மட்டும் வைத்துப் பயணத்தை மதிப்பிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. காலையில் கரைச்சேற்றில் ஒரு மரத்தைக் காட்டி, தண்ணீர் இப்போது எங்கே இருக்கிறது என்று பிள்ளையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலையில் அதே மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். லாஞ்சைப் பாட்டாவில் ஏன் இந்த வழியில் கொண்டுபோகிறார், ஏன் அந்தக் கழியைத் தவிர்க்கிறார் என்று லாஞ்சை ஓட்டும் சாரங்கிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் மகிழ்ச்சியோடு சொல்வார், அவரை யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. வழிகாட்டிக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். கிராமத்தில் ஒரு இரவு தங்கி, அவர்கள் சமைத்ததைக் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். நண்டும் தேனும் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

இந்த மண்டபத்தில் உள்ள குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். இந்த ஆண்டு கயாக் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேருங்கள், பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தாய்மார்களும் கூடவே இறங்குங்கள். ஓத அட்டவணை ஒன்று வாங்கி வீட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். நீச்சல் கைவந்த பிறகு ரவீந்திர சரோவரில் துடுப்பு, அது கைவந்த பிறகு காரங்காடு. அடுத்த கோடை விடுமுறையில் எந்தக் குடும்பம் அங்கே போகத் தயாராக இருக்கிறதோ, அவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள், சேர்ந்து போவோம்.